பாப் நட்சத்திரத்தின் பிம்பம் யாருடைய சொத்து?

1990-ல் உலகம் முழுக்க நடன அரங்குகளை ஆட்டிவைத்த ஒரு பாட்டு, சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்ற அமெரிக்கக் குழுவினுடையது. எல்லோரையும் ஆட வரச்சொல்லி இடிபோல இறங்கும் அந்தப் பெண் குரல் மார்த்தா வாஷ் என்ற பாடகியுடையது. ஆனால் வீடியோவில் மார்த்தா கிடையாது. ஒல்லியான, இளமையான வேறொரு பெண் அந்தக் குரலுக்கு வாயசைத்துக்கொண்டிருப்பார். அதே காலத்தில் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் பாட்டுகளிலும் இதேதான் நடந்தது, குரல் மார்த்தாவுடையது, முகம் ஒரு மாடலுடையது. மார்த்தா பருமனான உடல்வாகு கொண்டவர். குரல் வேண்டும், அந்த உடல் திரைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அவரிடம் கேட்கவுமில்லை, அட்டையில் பெயர் போடவுமில்லை. அவர் வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. பாடியவரின் பெயரைக் குறிப்பிட்டாக வேண்டும் என்ற வழக்கம் அமெரிக்க இசைத்துறையில் வலுப்பட்டதில் அந்த வழக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே 1990-ல்தான் மில்லி வனில்லி என்ற பாப் ஜோடியின் விவகாரமும் வெடித்தது. பிப்ரவரியில் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருது, நவம்பரில் அந்த விருது பறிப்பு. மேடையில் நின்ற ராப் பிலாட்டஸும் ஃபேப் மோர்வனும் அந்த ஆல்பத்தில் ஒரு வரி கூடப் பாடவில்லை என்பது வெளியே வந்துவிட்டது. கேலி, அவமானம் எல்லாம் அந்த இரண்டு இளைஞர்கள் தலையில் விழுந்தது. திட்டத்தைப் போட்ட ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபரியனோ தன் தொழிலைத் தொடர்ந்தார். அதற்கு முன்பு 1970-களில் போனி எம் குழுவிலும் ஆட ஒருவரை நிறுத்திவிட்டு இசைத்தட்டில் ஆண் குரலைத் தானே பாடிக்கொடுத்தவர் அவர். பிலாட்டஸ் 1998-ல் இறந்துபோனார்.

இந்த இரண்டையும் மோசடி என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், இங்கே குரலும் முகமும் வெவ்வேறு ஆட்களிடம் இருந்ததால் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மற்றபடி ஒரு முகத்தைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு ஒரு கதை எழுதுவது, உடை, நடை, பேச்சு, கோபம், கண்ணீர் வரை திட்டமிடுவது எல்லாம் பாப் இசைத்துறையின் அன்றாட வேலை, முழுக்கச் சட்டப்பூர்வமான வேலை. "இது நிஜமா, போலியா" என்று ரசிகர்கள் எழுபது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைவு. பிம்பம் எப்படியும் செய்யப்படத்தான் போகிறது. அது யார் கையில் இருக்கிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு நிறுவனத்துக்குப் பிம்பம் ஏன் தேவைப்படுகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு பாட்டு தனியாக நின்றால் அதன் ஆயுள் சில வாரம். ஒரு ஆள் நின்றால் அடுத்த பாட்டு, கச்சேரி டிக்கெட், டி-ஷர்ட், வாசனைத் திரவியம், குளிர்பான விளம்பரம் என்று அத்தனையும் அந்த ஒருவரைச் சுற்றி விற்கும். வெளியாகும் இசையில் பெரும்பகுதி போட்ட பணத்தைக்கூடத் திருப்பித் தருவதில்லை. இப்போது ஸ்ட்ரீமிங் தளங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் புதிய டிராக்குகள் ஏறுகின்றன. அந்த வெள்ளத்தில் கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? தெரிந்த முகத்தைத்தான். சர்வதேச இசைத்துறைக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ கணக்குப்படி 2024-ல் உலகப் பதிவிசை வருமானம் 29.6 பில்லியன் டாலர், அதில் கிட்டத்தட்ட 69 சதவீதம் ஸ்ட்ரீமிங். ஆனால் ஒரு முறை பாட்டைக் கேட்டால் கிடைப்பது ஒரு சென்ட்டிலும் சிறு பங்கு. ஆகவே பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிறவரைவிட, அந்த ஆளுக்காக எதையும் வாங்கத் தயாராக இருக்கும் ரசிகர்தான் நிறுவனத்துக்கு முக்கியம்.

இந்தக் கணக்கை முதலில் பெரிய அளவில் போட்டவர் என்றால் எல்விஸ் பிரெஸ்லியின் மேலாளர் டாம் பார்க்கர். 1955 நவம்பரில் சன் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்திடமிருந்து 35,000 டாலருக்கு எல்விஸின் ஒப்பந்தம் ஆர்சிஏ என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த வருடமே எல்விஸ் பெயரில் உதட்டுச்சாயம், ஜீன்ஸ், காலணி என்று கடைகள் நிரம்பின. எல்விஸை வெறுக்கிறேன் என்று எழுதிய பேட்ஜையும் பார்க்கரே விற்றார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பிடித்தவரிடமும் காசு, பிடிக்காதவரிடமும் காசு. ஒரு பிம்பத்துக்கு எதிர்ப்பும் தேவை என்பதைத் துறை அப்போதே கற்றுக்கொண்டுவிட்டது.

பார்க்கர் செய்தது வியாபாரம். பிம்பத்தை ஒரு முறையான பயிற்சியாக மாற்றியது மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிம்பம் செய்வதன் நல்லதும் கெட்டதும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த இடம் அது.

பெரி கோர்டி டெட்ராய்ட்டில் லிங்கன்-மெர்க்குரி கார் ஆலையில் வேலை பார்த்தவர். 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி மோட்டவுனைத் தொடங்கினார். ஒரு பக்கம் வெறும் இரும்புச் சட்டமாக நுழைந்து மறுபக்கம் புத்தம் புதுக் காராக வெளியே வருவதைத் தினமும் பார்த்த அவருக்கு, ஒரு தெருப் பையனோ பெண்ணோ ஒரு கதவு வழியாக நுழைந்து வேறு கதவு வழியாக நட்சத்திரமாக வெளியே வர வேண்டும் என்ற எண்ணம் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதற்காகக் கலைஞர் மேம்பாட்டுப் பிரிவு என்று தனியாக ஒன்றை வைத்தார். மேக்ஸின் பவல் அங்கே நடத்தை சொல்லிக்கொடுத்தார்: எப்படி உட்காருவது, காரிலிருந்து எப்படி இறங்குவது, பாடும்போது முகத்தைக் கோணாமல் எப்படி வைத்துக்கொள்வது. சோலி அட்கின்ஸ் என்ற பழைய டேப் நடனக் (காலணியால் தரையைத் தட்டி ஆடும் நடனம்) கலைஞர் ஒவ்வொரு குழுவுக்கும் அசைவு அமைத்தார். மொரீஸ் கிங் மேடை இசையைப் பார்த்துக்கொண்டார். வாராந்தரக் கூட்டத்தில் புதுப் பாட்டுகளைப் போட்டுக் கேட்டு வாக்கெடுப்பு நடக்கும். கையில் கடைசியாக ஒரு டாலர்தான் இருக்கிறது, பசிக்கிறது, இந்த இசைத்தட்டை வாங்குவாயா சாண்ட்விச் வாங்குவாயா என்பது கோர்டியின் கேள்வி.

மன்னர்கள் முன்னாலும் ஜனாதிபதிகள் முன்னாலும் பாடுவதற்குத் தயாராகுங்கள் என்று பவல் அந்தப் பிள்ளைகளிடம் சொல்வாராம். அப்போது அமெரிக்காவின் தென்பகுதியில் அந்தப் பிள்ளைகளால் பல உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1964-ல்தான் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம் வருகிறது. அந்தச் சூழலில் மூன்று கறுப்பினப் பெண்கள் மாலை உடையில், கையுறை போட்டு, வெள்ளைக்காரக் குடும்பங்களின் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் தலை நிமிர்ந்து வந்து நின்றதை, நிறுவனம் மாட்டிவிட்ட வேஷம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது அவர்களுக்கு ஒரு கவசமாகவும் இருந்தது. அந்த மூவரின் சுப்ரீம்ஸ் குழு 12 முறை அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பெண்களில் பலர் பிற்காலத்தில் பவலை நன்றியோடுதான் நினைவுகூர்ந்தார்கள்.

அதே கூரையின் மறுபக்கம் ஃபுளோரன்ஸ் பல்லார்ட். சுப்ரீம்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர், கனமான குரல் உடையவர். டயானா ராஸின் மெல்லிய குரலும் தோற்றமும்தான் பரந்த சந்தைக்குப் பொருந்தும் என்று கோர்டி தீர்மானித்த பிறகு பல்லார்ட் பின்னால் நகர்த்தப்பட்டார். 1967-ல் குழுவின் பெயர் டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ் என்று மாறியது, அதே வருடம் பல்லார்ட் வெளியேற்றப்பட்டார். தனியாகப் பாடிய முயற்சிகள் எடுபடவில்லை, வறுமை, அரசு உதவித்தொகை, கடைசியில் 1976-ல் 32 வயதில் மரணம். பிம்பத்தை வடிவமைக்கும்போது சில பேர் செதுக்கி எறியப்படுகிறார்கள். அந்தத் துண்டுகளும் மனிதர்கள்தான் என்பதை எந்த வெற்றிக் கதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

இங்கிலாந்திலும் இதேபோல் ஒருவர் உண்டு. பின்னாளில் பீட்டில்ஸ் குழுவின் மேலாளரான பிரையன் எப்ஸ்டீன் 1961 நவம்பரில் லிவர்பூல் கேவர்ன் கிளப்பில் அந்தக் குழுவைப் பார்த்தபோது அவர்கள் தோல் ஜாக்கெட்டோடு, மேடையிலேயே புகைத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு இருந்தார்கள். சில மாதங்களில் ஒரே மாதிரி சூட், பாட்டு முடிந்ததும் நான்கு பேரும் சேர்ந்து குனிந்து வணக்கம். எப்ஸ்டீனிடம் கொஞ்ச காலம் விளம்பர வேலை பார்த்த 19 வயது இளைஞர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் 1963-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் மேலாளர் ஆனார். முதலில் அவரும் அவர்களுக்கு ஒரே மாதிரி ஜாக்கெட் மாட்டித்தான் பார்த்தார். பிறகு, அம்மாக்களுக்குப் பிடித்த பையன்கள் இடம் நிரம்பிவிட்டது, அம்மாக்கள் பயப்படும் பையன்கள் இடம் காலியாக இருக்கிறது என்று புரிந்துகொண்டார். உங்கள் சகோதரியை ஒரு ரோலிங் ஸ்டோனோடு வெளியே அனுப்புவீர்களா என்று பத்திரிகைத் தலைப்பே வந்தது. அந்த முரட்டுத்தனமும் எப்ஸ்டீன் போட்ட சூட்டைப் போலவே ஒரு சீருடைதான்.

அந்தச் சீருடைக்குள் பொருந்தாத ஒருவர் இயன் ஸ்டூவர்ட். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், பியானோ வாசித்தவர். பார்க்க ராக் பையன் போல இல்லை, அப்புறம் ஆறு பேர் என்றால் ரசிகர்களுக்கு நினைவு வைத்துக்கொள்ள முடியாது என்று ஓல்டம் அவரை அதிகாரபூர்வ வரிசையிலிருந்து எடுத்துவிட்டார். ஸ்டூவர்ட் வேன் ஓட்டினார், சாமான்களைப் பார்த்துக்கொண்டார், 1985-ல் இறக்கும்வரை அவர்களுடைய பதிவுகளில் பியானோவும் வாசித்தார். புகைப்படத்தில் மட்டும் இல்லை.

நினைவு வைத்துக்கொள்ளும் பிரச்சினையை 1990-களில் இன்னும் கச்சிதமாகத் தீர்த்தார்கள். 1994-ல் த ஸ்டேஜ் என்ற பிரிட்டிஷ் நாடகத்துறைப் பத்திரிகையில் ஒரு விளம்பரம்: 18 முதல் 23 வயது, பாடவும் ஆடவும் தெரிந்த, துடிப்பான பெண்கள் தேவை. சில நூறு பேர் வந்தார்கள், அதிலிருந்து உருவானதுதான் ஸ்பைஸ் கேர்ள்ஸ். ஸ்போர்ட்டி, பேபி, ஸ்கேரி, ஜிஞ்சர், பாஷ் என்ற பட்டப்பெயர்களை 1996-ல் ஒரு இசை இதழின் ஆசிரியர் கொடுத்தார், அவை அப்படியே ஒட்டிக்கொண்டன. ஐந்து பெண்கள், ஐந்து வகை. எந்தச் சிறுமியும் தனக்குப் பொருத்தமான ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், தோழிகள் கூடினால் ஆளுக்கொரு வேடம் போடலாம். பெப்சி, போலராய்டு என்று வணிக ஒப்பந்தங்கள் வரிசை கட்டின. ஆனால் எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி வேறு. தங்களைத் திரட்டிய மேலாளர்களை விட்டு அந்தப் பெண்கள் 1995-லேயே வெளியேறிவிட்டார்கள். அடுத்து வந்த சைமன் ஃபுல்லரையும் 1997-ல் நீக்கினார்கள். விளம்பரம் கொடுத்துத் திரட்டப்பட்ட குழு, எனவே பொம்மைகள் என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல பதில்.

தயாரிக்கப்பட்ட குழு என்றால் மதிப்புக் குறைவு, தானாக முளைத்த கலைஞர் என்றால் மதிப்பு அதிகம் என்பது ராக் இசை விமர்சகர்கள் நமக்குக் கொடுத்த பழக்கம். அந்தத் தானாக முளைத்தலும் செய்யப்படுவதுதான். பாப் டிலன் மின்னசோட்டாவின் ஹிப்பிங் ஊரில் வீட்டுச் சாதனக் கடைக்காரர் ஒருவரின் மகன், இயற்பெயர் ராபர்ட் சிம்மர்மன். நியூயார்க் வந்தபோது, சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடியதாகவும் ஊர் ஊராகத் திரியும் கேளிக்கைக் கூட்டத்தோடு அலைந்ததாகவும் சொல்லிக்கொண்டார். 1963-ல் நியூஸ்வீக் அதை அம்பலப்படுத்தியது. யாரும் அவரைக் கைவிடவில்லை, பாட்டுகள் அவ்வளவு பலமாக இருந்தன. 2012 ஜனவரியில் அதே மாதிரி அம்பலம் அமெரிக்கப் பாடகி லானா டெல் ரேக்கு நேர்ந்தது. லிஸ்ஸி கிராண்ட் என்ற பெயரில் முன்பே பாடியவர், பெயரையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் இணையம் அவரைக் கிழித்தெடுத்தது. டிலனுக்கு அது கலைஞரின் சுய உருவாக்கம், லானாவுக்கு ஏமாற்று. இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் இருந்தது ஆண், பெண் வித்தியாசம் என்றுதான் நான் நினைக்கிறேன். பிம்பத்தைத் தானே செய்துகொண்ட பெண்ணை, பின்னால் யாரோ இருந்து இயக்குகிறார்கள் என்று நம்பவே பலருக்கும் வசதியாக இருக்கிறது.

1981 ஆகஸ்ட் 1-ல் பாட்டு வீடியோக்களுக்கான தொலைக்காட்சியான எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு முகமும் உடலும் பாட்டுக்குச் சமமாக எடைபோடப்பட்டன. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் ஒரே ஒருவரை மட்டும் சொல்கிறேன். பிரிட்டிஷ் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் 1987-ல் தோல் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, தாடிக் கட்டை என்று ஒரு தோற்றத்தோடு உலகப் புகழ் அடைந்தார். அவருக்கே அது மூச்சுமுட்டியது. 1990-ல் அடுத்த ஆல்பத்துக்கு வீடியோக்களில் தோன்ற மறுத்தார். ஒரு வீடியோவில் அவருக்குப் பதில் அந்தக் காலத்தின் சூப்பர் மாடல்கள் வாயசைக்க, அந்தப் புகழ்பெற்ற ஜாக்கெட் தீயில் எரிந்தது. தன்னைத் தீவிரமான பாடலாசிரியராகப் பார்க்க வேண்டும் என்றார். நிறுவனம் ஆல்பத்தைச் சரியாக விளம்பரப்படுத்தவில்லை என்று 1992-ல் சோனி மீது வழக்குத் தொடுத்து, 1994-ல் தோற்றார். ஒரு பிம்பத்தால் உலகம் முழுக்க விற்றவர், அதிலிருந்து வெளியேறச் சட்டப்படி தனக்கு வழியில்லை என்று நீதிமன்றத்தில் தெரிந்துகொண்டார்.

இப்போதைய முறை எப்படி இயங்குகிறது? பெரிய நிறுவனங்கள் மூன்றுதான்: யுனிவர்சல், சோனி, வார்னர். ஒரு ஆல்பம் வருவதற்குப் பல மாதம் முன்பே படைப்பு இயக்குநர், உடை வடிவமைப்பாளர், சந்தைப்படுத்துபவர்கள், செய்தித் தொடர்பாளர் எல்லோரும் கூடி ஒரு கதையை முடிவு செய்வார்கள். இந்த ஆல்பம் மனமுறிவா, மீண்டெழுதலா, திரும்பிவருதலா? அதற்கு ஒரு வண்ணம், ஒரு முடியலங்காரம், ஒரு எழுத்துரு. பேட்டியில் எந்தக் கேள்வியை எப்படித் திருப்புவது என்று தனிப் பயிற்சி. 2016-ல் டெய்லர் ஸ்விஃப்டைப் பாம்பு என்று திட்டி இணையத்தில் பாம்பு இமோஜிகளைக் கொட்டினார்கள். 2017 ஆகஸ்டில் அவர் தன் சமூக ஊடகப் பக்கங்களைத் துடைத்து வெறுமையாக்கிவிட்டு, முதலில் வெளியிட்டது பாம்பின் காணொளித் துண்டுகள். அடுத்த வருடக் கச்சேரி மேடையில் பிரம்மாண்டமான பாம்பு நின்றது, பாம்பு மோதிரம் விற்பனைக்கு வந்தது. வசவைக் கூடக் கையகப்படுத்திச் சரக்காக்கும் வேகம் அது.

சமூக ஊடகம் வந்த பிறகு அதிகம் செலவாகும் பிம்பம், "எனக்குப் பிம்பமே இல்லை" என்று சொல்லும் பிம்பம்தான். படுக்கையறையில், கலைந்த தலையோடு, கைபேசி வெளிச்சத்தில் பாட வேண்டும். 2022 மே மாதம் அமெரிக்கப் பாப் கலைஞர் ஹால்சி டிக்டாக்கில் ஒரு காணொளி போட்டார்: எட்டு வருடமாகத் துறையில் இருக்கிறேன், 16 கோடிக்கும் மேல் பதிவுகள் விற்றிருக்கின்றன, ஆனாலும் டிக்டாக்கில் ஒரு வைரல் தருணத்தைப் போலியாகச் செய்து காட்டாவிட்டால் பாட்டை வெளியிட முடியாது என்கிறது நிறுவனம் என்றார். அந்தக் காணொளியே வைரல் ஆனது. இதுவும் திட்டம்தானோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. நிஜமாகப் புகார் சொன்னால்கூட நம்ப ஆளில்லாத நிலைக்குத் துறையே கேட்பவர்களைப் பழக்கியிருக்கிறது, அதன் சேதத்தைப் பாடகர்கள்தான் சுமக்கிறார்கள்.

தென்கொரியாவில் இதை ஒளிவுமறைவில்லாமல் செய்கிறார்கள். லீ சூ-மன் 1995-ல் எஸ்எம் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார், 1996-ல் ஹெச்.ஓ.டி. குழு வந்தது, அதோடு டிரெய்னி முறை வேரூன்றியது. பதின்வயதுப் பிள்ளைகள் வருடக்கணக்கில் பாட்டு, நடனம், அந்நிய மொழி, கேமரா முன் பேச்சு எல்லாம் பழகுவார்கள். மேடையேறுவது சிலர், காணாமல் போவது பலர். அந்த உழைப்பின் தரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், கே-பாப் மேடை நிகழ்ச்சி ஒன்றைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரச்சினை ஒப்பந்தத்தில் இருந்தது. 2009-ல் டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூன்று பேர் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே வருடம் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் 7 வருட வரம்போடு மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஏழாவது வருடம் நெருங்கும்போது ரசிகர்கள் பதறுவது இதனால்தான்.

அங்கே விற்கப்படும் முக்கியமான பொருள் நெருக்கம். ஆல்பத்துக்குள் யாருடைய படம் வரும் என்று தெரியாத புகைப்பட அட்டை, அதனால் ஒரே ஆல்பத்தைப் பல பிரதி வாங்குவது. மாதச் சந்தா கட்டினால் கலைஞர் அனுப்பும் செய்தி உங்களுக்கு மட்டும் எழுதியதுபோல உங்கள் திரையில் வரும் செயலிகள். ஜப்பானின் ஏகேபி48 குழு 2009 முதல் சீடிக்குள் வாக்குச் சீட்டு வைத்தது, யார் முன்னால் நின்று பாடுவது என்பதை ரசிகர்கள் சீடி வாங்கி வாங்கித் தீர்மானித்தார்கள். கொரியாவில் புரொடியூஸ் 101 என்ற தேர்வு நிகழ்ச்சியில் மக்கள் போட்ட வாக்குகளே திருத்தப்பட்டிருந்தது 2019-ல் வெளியாகி, தயாரிப்பாளர் சிறை சென்றார்.

நெருக்கத்தை விற்றால் அதற்கான பாக்கியை யாராவது கட்ட வேண்டும். 2013-ல் ஏகேபி48-இன் மினாமி மினேகிஷி ஒரு ஆணின் வீட்டிலிருந்து வெளியே வந்த படம் பத்திரிகையில் வந்ததும், தலையை மழித்துக்கொண்டு கேமரா முன் அழுது மன்னிப்புக் கேட்டார். 20 வயதுப் பெண் செய்த குற்றம், காதலித்தது. 2024-ல் ஏஸ்பா குழுவின் கரீனா, தனக்கு ஒரு காதலர் இருப்பது தெரிந்துவிட்டதற்காகக் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். இந்த மாதிரிக் கோபப்படும் ரசிகர்களைப் பைத்தியங்கள் என்று திட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. இவர் உங்களுடையவர், உங்களுக்காகவே இருக்கிறார் என்று வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லிக் காசு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், கணக்கு கேட்க வேண்டியது அவர்களிடம்.

அமெரிக்காவில் இந்தக் கொடுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்னி ஸ்பியர்ஸ். 1998-ல் 16 வயதில், பள்ளிச் சீருடைத் தோற்றத்தில், குழந்தைத்தனமும் கவர்ச்சியும் ஒன்றாகக் கலந்த ஒரு பிம்பத்தோடு வந்தார். அந்தக் கலவையை வளர்ந்தவர்கள் விற்றார்கள், அதற்கான கேள்விகளை மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள். 2008 முதல் 2021 நவம்பர் வரை அவருடைய சொத்தும் வாழ்க்கையும் நீதிமன்றம் நியமித்த காப்பாளர் வசம் இருந்தன. தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று கருதப்பட்ட அதே காலத்தில் ஆல்பங்கள் வெளியிட்டார், 2013 முதல் 2017 வரை லாஸ் வேகாஸில் தொடர் நிகழ்ச்சி நடத்தினார். மேடையில் பல நூறு பேரின் சம்பளத்துக்கு வழிசெய்யும் அளவுக்குத் திறன் இருந்தது, வீட்டில் தன் பணத்தைத் தொட உரிமை இல்லை.

இதனால்தான் சொல்கிறேன், ஒரு பாடகியின் தோற்றத்தைப் பார்த்து நிஜமா என்று கேட்பதைவிட அவருடைய ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்பது பயனுள்ளது. 2002-ல் பிரிட்டிஷ் பாடகர் ராபி வில்லியம்ஸ் ஈஎம்ஐ என்ற இசை நிறுவனத்தோடு போட்ட, சுமார் 8 கோடி பவுண்ட் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் இசைத்தட்டு வருமானம் போகக் கச்சேரி, வணிகப் பொருட்கள் வருமானத்திலும் நிறுவனத்துக்குப் பங்கு கிடைத்தது. இந்த வகைக்குத் துறையில் 360 ஒப்பந்தம் என்று பெயர், இன்று புதியவர்கள் பலருக்கும் நீட்டப்படுவது இதுதான். ராபிக்கு முன்பணமாக ஒரு மலை கிடைத்தது. 19 வயதில் கையெழுத்துப் போடும் யாரோ ஒருவருக்கு அப்படிக் கிடைக்காது, முன்பணமும் வீடியோச் செலவும் பெரும்பாலும் அவர் கணக்கில் கடனாக எழுதப்படும்.

மீண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். பிரின்ஸ் 1993-ல் தன் பெயரையே ஒரு குறியீடாக மாற்றிக்கொண்டு, கன்னத்தில் அடிமை என்று எழுதிக்கொண்டு தன் நிறுவனத்தோடு மோதினார். டெய்லர் ஸ்விஃப்ட் 2019-ல் தன் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவுகள் வேறு கைக்கு விற்கப்பட்டபோது, 2021 முதல் அவற்றில் நான்கை ஒவ்வொன்றாக மறுபடி பாடி வெளியிட்டார், 2025 மே மாதம் மூலப்பதிவுகளையே வாங்கிவிட்டார். அவருக்குப் பணபலம் இருந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிரிட்டிஷ் பாடகி ரே செய்தது. 2014-ல் நான்கு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டும் ஒன்றைக்கூட வெளியிட விடவில்லை என்று 2021-ல் பகிரங்கமாகச் சொன்னார், தன் நிறுவனமான பாலிடாரை விட்டு வெளியேறினார், சுயேச்சையாக வெளியிட்ட பாட்டு பிரிட்டனில் முதலிடம் போனது, 2024 பிரிட் விருதுகளில் ஒரே இரவில் ஆறு விருது வாங்கி சாதனை படைத்தார். அமெரிக்கப் பாடகி சாப்பல் ரோன் தன் மேடை உருவத்தை ஒரு வேடம் என்றே வெளிப்படையாகச் சொல்கிறார், மேடையில் இல்லாதபோது நான் பணியில் இல்லை, தெருவில் என்னைத் தொடாதீர்கள் என்று 2024-ல் ரசிகர்களிடம் நேராகக் கேட்டுக்கொண்டார். 2025 பிப்ரவரியில் கிராமி மேடையில் சிறந்த புதுமுக விருதைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனங்கள் கலைஞர்களுக்கு வாழத் தேவையான சம்பளமும் மருத்துவக் காப்பீடும் தர வேண்டும் என்றார்.

ஆளிடமிருந்து பிம்பத்தை முழுதாகப் பிரித்தெடுக்கும் வேலையும் இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருக்கிறது. கிஸ் என்ற அமெரிக்க ராக் குழுவினர் தங்கள் முகச்சாய வடிவங்களை வணிகக் குறிகளாகப் பதிவு செய்தவர்கள். தொடக்க உறுப்பினர்கள் இரண்டு பேர் போன பிறகு அவர்களுடைய சாயத்தை வேறு இரண்டு பேர் பூசிக்கொண்டு வாசித்தார்கள். 2023 டிசம்பரில் கடைசிக் கச்சேரி முடிந்த கையோடு அதே மேடையில் டிஜிட்டல் உருவங்கள் தோன்றின. 2024 ஏப்ரலில் பாட்டுகள், பெயர், உருவம் எல்லாம் சேர்த்து ஸ்வீடனின் பாப்ஹவுஸ் நிறுவனத்துக்கு 300 மில்லியன் டாலருக்கும் மேல் விற்றதாகச் செய்தி வந்தது. அவர்கள் தெரிந்தே, நல்ல விலைக்கு விற்றார்கள். செயற்கை நுண்ணறிவால் எந்தக் குரலையும் நகலெடுக்க முடிகிற இந்த நேரத்தில், குரலுக்கும் உரிமை உண்டு என்று டென்னசி மாநிலம் 2024-ல் எல்விஸின் பெயரைத் தாங்கிய ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் உரிமை இருந்தாலும் அதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிட முடியும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல் கையெழுத்துப் போடும் பிள்ளைகளுக்கு, நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத ஒரு வழக்கறிஞர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.